கட்டியில் சேரும் கதிரியக்க உலோகம்: புதியவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மும்பையில் கதிரியக்க மருந்து ஆய்வுக்கு வந்து சேரும் தமிழ் மாணவர்களை ஆண்டுதோறும் பார்த்து வருகிறேன். வேதியியல் நன்கு தெரிந்தவர்கள், உழைக்கத் தயங்காதவர்கள். ஆயினும் புற்றுக்கட்டிக்குள் காலியம், லுட்டேசியம் போன்ற கதிரியக்க உலோகங்கள் எவ்வளவு சேர்கின்றன என்று அளக்கத் தொடங்கியதும், முன்னால் வந்தவர்கள் சறுக்கிய இடங்களிலேயே இவர்களும் சறுக்குகிறார்கள். கையுறை, டோசிமீட்டர், ஈயத் தடுப்பு ஆகியவற்றைப் பயிற்சி வகுப்பிலேயே சொல்லிவிடுவதால் அவற்றை இங்கே விட்டுவிடுகிறேன்.

உலோகத்தைக் கண்டதும் மருந்தைக் கண்டதாக முடிவு செய்வது

மாதக்கணக்கான உழைப்பையும் விலங்குகளின் உயிரையும் வீணாக்கும் தவறு இது; இன்றும் என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. உடலுக்குள் இருக்கும் கதிரியக்கத்தைப் படமாக்கும் பெட் ஸ்கேனரோ, வெட்டியெடுத்த உறுப்பில் அதை எண்ணும் காமா கவுண்டரோ பதிவு செய்வது சிதையும் அணுவை மட்டுமே. அந்த அணு, கட்டியைத் தேடிப் போவதற்காக நாம் பிணைத்த பெப்டைடோடு (சிறு புரதத் துண்டோடு) இன்னும் சேர்ந்திருக்கிறதா, பிரிந்து தனியே அலைகிறதா என்பதை அந்தக் கருவிகள் சொல்வதில்லை.

காலியம்-67 சிட்ரேட்டின் வரலாற்றைப் பாருங்கள். 1969இல் அமெரிக்காவின் ஓக் ரிட்ஜில் எட்வர்ட்ஸ், ஹேஸ் என்ற ஆய்வாளர்கள் எலும்பில் பரவிய புற்றைத் தேடி ஹாட்ஜ்கின் என்ற நிணநீர்ப் புற்று கொண்ட நோயாளி ஒருவருக்கு அதைச் செலுத்தியபோது, அது நிணநீர்க் கணுக்களில் போய்ச் சேர்ந்திருந்தது. பெப்டைடோ எதிர்ப்பொருளோ எதுவும் அதனை அங்கே அழைத்துச் செல்லவில்லை. மூன்று நேர்மின்சுமை கொண்ட காலியம் அயனி அளவிலும் சுமையிலும் இரும்பு அயனியை ஒத்திருப்பதால், இரத்தத்தில் இரும்பைச் சுமக்கும் டிரான்ஸ்ஃபெரின் புரதம் காலியத்தையும் ஏற்றிக்கொள்கிறது. வேகமாகப் பெருகும் புற்றுச்செல்கள் பல, இரும்புத் தேவைக்காக டிரான்ஸ்ஃபெரினைப் பற்றிக்கொள்ளும் ஏற்பிகளை மிகுதியாக வைத்திருக்கின்றன. கட்டியின் இரத்த நாளங்களோ கசிவு மிக்கவை. புற்றே இல்லாத சீழ்க்கட்டியிலும், சார்காய்டோசிஸ் என்ற அழற்சி நோயிலும்கூடக் காலியம் சேரும். ஆகவே கட்டியில் காலியம் ஏறியிருப்பதை மட்டும் வைத்துக்கொண்டு, நம் பெப்டைடு தன் ஏற்பியைப் பற்றிக்கொண்டது என்று எழுதுவது நியாயமாகாது.

அண்மையில் திருநெல்வேலியிலிருந்து வந்த மாணவர் ஒருவர், காலியம்-68 பிணைத்த பெப்டைடைச் சுண்டெலிகளில் சோதித்த முடிவுகளைக் கொண்டுவந்து, “கட்டியில் நன்றாக ஏறியிருக்கிறது மேடம்” என்றார். கல்லீரலிலும் மண்ணீரலிலும் அதைவிடப் பல மடங்கு ஏறியிருந்தது. சிறுநீர் வழியாக வெளியேற வேண்டிய சிறு பெப்டைடுக்கு அங்கே என்ன வேலை? “தரச் சோதனைப் பட்டையை எந்தக் கரைப்பானில் ஓட்டினீர்கள், தம்பி?” என்று கேட்டேன். மருந்தின் ஒரு துளியைப் பட்டையின் அடியில் வைத்து, கரைப்பானை மேலேற விட்டு, எது எங்கே நிற்கிறது என்று பார்க்கும் சோதனை அது. சோடியம் சிட்ரேட்டில் மட்டும் ஓட்டியிருந்தார். அந்தப் பட்டையில் சிட்ரேட் ஏறும்போது, பிணையாத காலியம் அயனி அதனோடு மேலே போய்விடும். பெப்டைடு அடிப்புள்ளியிலேயே நிற்கும். ஆனால் கரைசலின் பி.எச். அளவு மீறி உயர்ந்தால் உருவாகும் காலியம் ஹைட்ராக்சைடு கூழ்மமும் (நுண்துகள்களும்) அதே அடிப்புள்ளியில்தான் நிற்கும். கல்லீரலும் மண்ணீரலும் பிடித்துக்கொண்டது அதைத்தான். அவர் தூய்மை என்று குறித்துக்கொண்டது இவ்விரண்டின் கூட்டுத்தொகை. அம்மோனியம் அசிட்டேட்டும் மெத்தனாலும் கலந்த கரைப்பானில் இன்னொரு பட்டை ஓட்டியிருந்தால், பெப்டைடு மேலேறிக் கூழ்மம் அடியில் தங்கி, ஊசி போடுவதற்கு முன்பே குட்டு வெளிப்பட்டிருக்கும்.

பிணைப்பிலிருந்து விடுபட்ட உலோகம் எங்கே போகும் என்பதை மனப்பாடமாகவே வைத்திருங்கள். காலியம் டிரான்ஸ்ஃபெரினோடு இரத்தத்தில் சுற்றும். தாமிரம்-64 கல்லீரலை நாடும். சிர்க்கோனியம்-89, இட்ரியம், லுட்டேசியம் ஆகியவை எலும்பில் படியும். எதிர்ப்பொருளில் சிர்க்கோனியம் பிணைத்த ஆய்வில் மூட்டுகள் ஒளிர்ந்தால், எலும்பில் புற்று பரவியிருக்கிறது என்று மகிழ்வதற்கு முன் உலோகத்தைப் பற்றிப் பிணைத்து வைக்கும் கீலேட்டரின் மேல் ஐயம் கொள்ளுங்கள்.

கட்டியில் ஏறியது ஏற்பி வழியாகத்தானா என்று உறுதிசெய்ய, மற்றொரு குழு விலங்குகளுக்குக் கதிரியக்கமற்ற பெப்டைடை மிகையாகச் சேர்த்துக் கொடுங்கள். ஏற்பிகள் நிரம்பிவிடுவதால் கட்டியில் சேரும் கதிரியக்கத்தின் அளவு சரிய வேண்டும். சரியவில்லை என்றால் அங்கே சேர்ந்தது வேறு வழியாக வந்தது. இந்தக் குழுவைச் செலவு கருதி விட்டுவிடுபவர்களே அதிகம்.

வெள்ளிக்கிழமை விட்ட ஜெனரேட்டரைத் திங்களன்று அப்படியே பயன்படுத்துவது

ஜெனரேட்டர் என்பது ஜெர்மானியம்-68ஐ அடைத்து, அதிலிருந்து பிறக்கும் காலியம்-68ஐ வடித்தெடுக்கும் குழாய். ஜெர்மானியம்-68இன் அரை ஆயுள் (கதிரியக்கம் பாதியாகக் குறைய ஆகும் காலம்) 271 நாள். அதிலிருந்து பிறக்கும் காலியம்-68இன் அரை ஆயுள் 68 நிமிடம். அந்தக் காலியம் சிதைந்து நிலையான துத்தநாகம்-68 ஆகிவிடுவதால், இரண்டு நாள் ஓய்வில் குழாய்க்குள் துத்தநாகம் சேர்ந்துகிடக்கும். அது கீலேட்டருக்காகக் காலியத்தோடு போட்டியிடும். காலையில் ஒருமுறை அமிலத்தால் வடித்து ஒதுக்கிவிடுங்கள். 4 மணி நேரத்தில் காலியம் 90 விழுக்காட்டுக்கு மேல் மீண்டுவிடும்.

உலோகக் கரண்டி

கூடவே கூடாது. அதிலிருந்து கரையும் உலோகமும் துத்தநாகத்தைப் போலவே கீலேட்டருக்காகப் போட்டியிடும்.

வாலை எண்ணாமல் விடுவது

ஊசி சுண்டெலியின் வால் சிரையை விட்டு விலகினால் மருந்து வாலிலேயே தங்கும், வாலையும் எண்ணி அதைச் செலுத்திய அளவிலிருந்து கழியுங்கள்.

கடிகாரத்தை மறப்பது

காமா கவுண்டரில் முதல் உறுப்பை எண்ணியதற்கும் கடைசி உறுப்பை எண்ணியதற்கும் இடையே 68 நிமிடம் ஓடியிருந்தால், கடைசி உறுப்பு தன் உண்மையான அளவில் பாதியையே காட்டும். மும்பைக்குள்ளேயே செம்பூரிலிருந்து பரேலுக்கு மாலை நெரிசலில் மருந்தை அனுப்புபவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

ஒரே நேரத்தில் அளந்து நிறுத்திக்கொள்வது

செல்லுக்குள் இழுக்கப்பட்ட பெப்டைடு, செல்லின் செரிமானப் பையான லைசோசோமில் சிதைந்தாலும், உலோகத்தைப் பிடித்திருக்கும் கீலேட்டர்த் துண்டு சவ்வைக் கடக்க முடியாமல் உள்ளேயே தங்குகிறது. அயோடின் பிணைத்திருந்தால் பெரும்பகுதி கழன்று வெளியேறியிருக்கும். சிகிச்சைக்கு உலோகங்கள் உகந்தவையாக இருப்பது இதனால்தான். ஆனால் சிறுநீரகக் குழல்களின் செல்களும் வடிகட்டிய பெப்டைடை உள்ளிழுத்து இதே போலப் பிடித்துக்கொள்கின்றன. லுட்டேசியம்-177 டோட்டாடேட் என்ற பெப்டைடு மருந்தைச் செலுத்தும்போது லைசின், ஆர்ஜினின் என்ற அமினோ அமிலங்களையும் ஏற்றுவது அந்த உறிஞ்சலைக் குறைப்பதற்காகவே. லுட்டேசியத்தின் அரை ஆயுள் 6.6 நாள், ஆகவே ஒரு மணி நேரத்தில் எடுத்த காலியம் படத்தோடு நிறுத்தாமல், லுட்டேசியம் பிணைத்த மருந்தைக் கொடுத்து 4, 24, 72 மணி நேரங்களில் கட்டியையும் சிறுநீரகத்தையும் சேர்த்தே அளந்து, எது விரைவில் வடிகிறது என்று வரைபடம் போடுங்கள்.