கூட்டத்தை ஒருவரே சுமக்க வேண்டாம்

மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் கோவில் மண்டபத்திலோ தமிழ்ப்பள்ளியிலோ எல்லாரும் கலந்து பேசி முடிவெடுக்கும் கூட்டம் நடத்தப் போகிறீர்களா? வழிநடத்துபவருக்குத் துணையாக மூன்று பேரையாவது முன்கூட்டியே பிடித்து வையுங்கள்.

ஒருவர் எழுத. மாஜோங் தாள் எனப்படும் பெரிய வெள்ளைத் தாளைச் சுவரில் ஒட்டி, பேசியவரின் வார்த்தையிலேயே பெரிதாக எழுத வேண்டும். "வடிகால் பிரச்சினை" என்று சுருக்காமல், "மழை பெய்தால் மூணாவது லயத்துக்குள்ளே தண்ணி வருது" என்றே எழுதட்டும் (லயம் என்பது தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடு). தன் பேச்சு சுவரில் ஏறிவிட்டது என்று தெரிந்தால், சொன்னவர் அதையே திரும்பத் திரும்பச் சொல்ல மாட்டார். நேரம் பார்க்க ஓர் இளைஞர் போதும்.

மூன்றாமவர்தான் முக்கியம். கதவோரம் உட்காரும் ரப்பர் பால் வெட்டும் அக்காமார்கள் மைக்கைத் தொட மாட்டார்கள். பக்கத்து ஆளிடம் முணுமுணுப்பதோடு சரி. அவர்களோடு உட்கார்ந்து, "அக்கா, இதை நான் எடுத்துச் சொல்லட்டுமா?" என்று கேட்க ஓர் ஆள் வேண்டும். தலைவரின் சொந்தக்காரரை மட்டும் இதற்குப் போடாதீர்கள், யாரும் வாய் திறக்க மாட்டார்கள்.

அரைமணி முன்பே வந்து நாற்காலிகளை வட்டமாகப் போடுங்கள். மேடையும் மாலையும்? என்னைக் கேட்டால் வேண்டாம். முடிந்ததும் மீ கோரெங் (வறுத்த நூடுல்ஸ்) பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டே நால்வரும் பத்து நிமிடம் பேசுங்கள்: யார் பேசவே இல்லை, எங்கே சூடானது என்று. அப்புறம் தாள்களைப் படமெடுத்து அன்றிரவே வாட்சாப் குழுவில் போட்டுவிடுங்கள்.