வீட்டுக்கு வரும் நோட்டரியும் என் இனிஷியலும்

ஊரில் நோட்டரி எப்படி என்று உங்களுக்கே தெரியும். கோர்ட் வாசலில் மரத்தடியில் ஒரு மேஜை, கறுப்புக் கோட்டோடு ஒரு வக்கீல். நாம் ஏற்கெனவே கையெழுத்துப் போட்டுக் கொண்டுபோனால் அவருக்கு வேலை மிச்சம். ஆள் வராமல் பேப்பர் மட்டும் வந்தாலும் "தெரிஞ்சவங்கதானே" என்று முத்திரை குத்திக் கொடுக்கிறவர்களும் இருக்கிறார்கள். இந்தப் பழக்கத்தை மூட்டை கட்டிக்கொண்டு கலிபோர்னியாவுக்கு வந்துதான் நான் மாட்டிக்கொண்டேன்.

திருச்சியில் என் பெயரில் ஒரு மனை. 1998-ல் அப்பா வாங்கிப் போட்டது. அதை விற்கத் தம்பிக்குப் பவர் எழுதிக் கொடுக்க வேண்டும். அங்கிருந்த பத்திர எழுத்தர் ஆங்கிலத்தில் அழகாக டைப் அடித்து அனுப்பினார், நான் பிரிண்ட் எடுத்தேன். ஃப்ரீமான்ட்டில் எங்கள் வீட்டுக்குப் பக்கத்தில் இருந்த வங்கிக் கிளையில் "பவர் ஆஃப் அட்டர்னியா? நாங்கள் செய்வதில்லை" என்று கைவிரித்துவிட்டார்கள். அதனால்தான் வீட்டுக்கே வரும் நோட்டரியைக் கூப்பிட்டேன். மொபைல் நோட்டரி என்பார்கள். ஆபீஸ் முடிந்து ராத்திரி எட்டு மணிக்குக்கூட வருவார்கள், ஆஸ்பத்திரிக்கும் வருவார்கள்.

கட்டணத்தை முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள். கலிபோர்னியாவில் ஒரு கையெழுத்துக்கு அதிகபட்சம் 15 டாலர் என்று சட்டமே வைத்திருக்கிறது. ஆனால் வந்து போகிற செலவுக்கு அப்படி உச்சவரம்பு கிடையாது. எனக்கு 70 டாலர். வேலை முடிந்தாலும் முடியாவிட்டாலும் அந்த 70 அவருடையது. இந்த வரியை அவர் போனில் தெளிவாகவே சொன்னார். நான்தான் "சரி சரி" என்று காதில் போட்டுக்கொள்ளாமல் விட்டேன்.

வந்தவருக்கு அறுபது வயது இருக்கும், ரொம்பத் தன்மையான பெண்மணி. சாப்பாட்டு மேஜையில் பெரிய பதிவேட்டை விரித்தார், என் டிரைவிங் லைசென்ஸை வாங்கினார், பத்திரத்தைப் பார்த்தார். லைசென்ஸைப் பார்த்தார். மறுபடி பத்திரம். அப்புறம் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "மிஸ்டர் ராமலிங்கம், இந்த ஆர். குமரேசன் யார்?" என்று கேட்டார்.

ராமலிங்கம் என் அப்பா. பாஸ்போர்ட்டில் என் பெயர் குமரேசன், குடும்பப் பெயர் என்ற கட்டத்தில் அப்பா பெயர். அதனால் லைசென்ஸில் குமரேசன் ராமலிங்கம். ஊர்ப் பத்திரத்திலும் பட்டாவிலும் ஆர். குமரேசன். நமக்கு இரண்டும் ஒன்றுதான், சின்னப் பிள்ளையைக் கேட்டாலும் சொல்லும். அவருக்கு அது இரண்டு ஆள். இனிஷியல் என்றால் என்ன, தமிழ்நாட்டில் ஏன் குடும்பப் பெயர் வைப்பதில்லை என்று பத்து நிமிடம் பாடம் எடுத்தேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். "அட்டையில் இருக்கிற ராமலிங்கம் பேப்பரில் இல்லை. பேப்பரில் இருக்கிற ஆர், அட்டையில் இல்லை. நான் எப்படிக் கையெழுத்துப் போடுவேன்?" என்று பதிவேட்டை மூடிவிட்டார். 70 டாலரை வாங்கிக்கொண்டு, நான் கொடுத்த காபியைப் பாராட்டிவிட்டுப் போனார்.

அப்போது வந்த கோபம் இப்போது இல்லை. இங்கே நோட்டரி வக்கீல் அல்ல. ஆறு மணி நேர வகுப்பு, ஒரு தேர்வு, பின்னணிச் சரிபார்ப்பு, நான்கு வருட நியமனம், அவ்வளவுதான். பத்திரத்தில் என்ன எழுதியிருக்கிறது என்பது அவர் பொறுப்பே இல்லை. 'பத்திரத்தில் பெயர் உள்ள ஆள்தான் என் முன்னால் வந்தவர்' என்று சான்று சொல்வது ஒன்றுதான் அவர் வேலை. அந்த ஒன்றில் தவறினால் அவர் நியமனமே போகும். அட்டையில் இருப்பதைவிடப் பத்திரத்தில் பெயர் குறைவாக இருந்தால்கூடச் சிலர் ஒத்துக்கொள்வார்கள். அட்டையில் இல்லாத ஓர் எழுத்து கூடுதலாக இருந்தால் நடக்காது.

சரி, பாஸ்போர்ட் பெயரையே போட்டுவிடலாம் என்று தம்பியிடம் சொன்னேன். பத்திர எழுத்தர் அங்கே குதித்தாராம். "அண்ணா, கிரயப் பத்திரத்துல ஆர். குமரேசன்னு இருக்கு. குமரேசன் ராமலிங்கம்னு யாரோ ஒருத்தர் பவர் குடுத்தா ரிஜிஸ்டர் ஆபீஸ்ல தூக்கி எறிஞ்சிடுவாங்கங்கிறார்" என்றான். அதுவும் நியாயம்தான். இங்கே ஒரு பெயர் இருந்தால்தான் வேலை நடக்கும், அங்கே இன்னொரு பெயர் இருந்தால்தான் நடக்கும். மனை வாங்குகிறவர் வேறு அட்வான்ஸ் கொடுத்துவிட்டுத் தினமும் தம்பிக்குப் போன்.

கடைசியில் கைகொடுத்தது நம் ஊர்ப் பத்திரங்களில் தாத்தா காலத்திலிருந்து இருக்கிற ஒரு சொல்: 'என்கிற'. பாஸ்போர்ட்டில் உள்ள முழுப் பெயர் முதலில், பக்கத்திலேயே பாஸ்போர்ட் எண், அதற்குப் பிறகு 'என்கிற ஆர். குமரேசன்', அதன்பின் 'மேற்படி சொத்தின் கிரயப் பத்திரத்தில் கண்ட ஆர். குமரேசன் என்பவரும் நானே' என்று ஒரு வரி. ஆங்கிலத்திலும் இதே வரிசையில் எழுதச் சொல்லுங்கள். கையெழுத்துக்குக் கீழே டைப் அடிக்கிற பெயர் மட்டும் அட்டையில் உள்ளதாக, எழுத்து பிசகாமல் இருக்கட்டும். நோட்டரி தன் சான்றிதழில் அட்டைப் பெயரை மட்டும்தான் எழுதுவார், அது போதும். இரண்டாவது முறை வேறொருவரைக் கூப்பிட்டேன். இந்த முறை முதல் பக்கத்தையும் லைசென்ஸையும் போட்டோ எடுத்து முன்கூட்டியே அனுப்பி, "இந்தப் பெயர் உங்களுக்குச் சம்மதமா?" என்று கேட்டபிறகுதான் வரச் சொன்னேன். நீங்கள் வேறு எதை மறந்தாலும் இதைச் செய்துவிடுங்கள்.

பாஸ்போர்ட்டில் ஒரே பெயர் மட்டும் வைத்திருக்கிறவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். உங்கள் விசாவில் அந்தப் பெயர் குடும்பப் பெயராகவும், முதல் பெயர் எஃப்என்யூ என்றும் விழுந்திருக்கும். 'முதல் பெயர் தெரியாது' என்று அர்த்தம். பெற்றவர்கள் கேட்டால் வயிறெரிவார்கள். லைசென்ஸிலும் அது தொற்றிக்கொண்டிருந்தால் நோட்டரியிடம் பாஸ்போர்ட்டையே காட்டுங்கள். காலாவதியாகாத வெளிநாட்டுப் பாஸ்போர்ட்டைக் கலிபோர்னியாவில் ஏற்றுக்கொள்கிறார்கள்.

பவர் பத்திரம் என்றால் பதிவேட்டில் வலது கைப் பெருவிரல் ரேகை கட்டாயம். எம்.டெக். படித்துவிட்டுக் கைநாட்டு வைக்கிறோமே என்று எனக்குச் சிரிப்பு வந்தது. சான்றிதழைத் தனித் தாளில் ஒட்டித் தந்தால், அதில் பத்திரத்தின் பெயரையும் மொத்தப் பக்கங்களையும் குறிக்கச் சொல்லுங்கள். இல்லையென்றால் அது எந்தப் பத்திரத்துக்கு உரியது என்று ஊரில் கேள்வி வரும். பாஸ்போர்ட் நகலில் 'உண்மை நகல்' என்று முத்திரை கேட்டு மட்டும் நிற்காதீர்கள், இந்த மாநில நோட்டரிக்கு அந்த அதிகாரம் கிடையாது.

விசிட்டில் வந்திருக்கும் அம்மா அப்பா கையெழுத்துப் போட வேண்டியிருந்தால் ஒன்று. நோட்டரி அவர்களிடம் நேரடியாகப் பேசிப் புரிந்துகொள்ள வேண்டும், நடுவில் நாம் மொழிபெயர்க்கக் கூடாது. நண்பர் ஒருவர், அம்மாவிடம் கேட்ட கேள்விக்கெல்லாம் தானே பதில் சொல்லி, வந்தவரைத் திருப்பி அனுப்பினார். தமிழ் பேசும் நோட்டரிகள் எங்கள் சான் ஃபிரான்சிஸ்கோ பே ஏரியாவில் இருக்கிறார்கள், கொஞ்சம் தேடினால் கிடைப்பார்கள்.

அப்புறம் அப்போஸ்டில். நோட்டரியின் கையெழுத்து உண்மையானதுதான் என்று வெளிநாட்டுக்காக மாநில அரசு ஒட்டித் தரும் சான்று. இதை ஏற்றுக்கொள்ளும் நாடுகளின் ஒப்பந்தத்தில் இந்தியா 2005-லிருந்து இருக்கிறது. உங்கள் ரிஜிஸ்டர் ஆபீஸில் அப்போஸ்டில் போதுமா, தூதரகச் சான்று வேண்டுமா என்று தம்பியோ மச்சானோ நேரில் போய்க் கேட்டுவரட்டும். எங்களுக்கு அப்போஸ்டில் போதும் என்றார்கள். தபாலில் அனுப்பினால் 20 டாலர். நான் மாநிலத் தலைநகர் சாக்ரமென்டோவுக்கே காரில் போனேன், நேரில் கொடுப்பதற்கு இன்னும் 6 டாலர். கூரியர் ஊருக்குப் போய்ச் சேர்ந்த நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் மாவட்டப் பதிவாளரிடம் கொடுத்து முத்திரைத் தீர்வை கட்ட வேண்டும். அட்ஜுடிகேஷன் என்பார்கள். இதைத் தம்பி தலையில் கட்டிவிட்டேன், அவனும் முணுமுணுத்துக்கொண்டே முடித்தான்.

போன மாதம் வில்லங்கச் சான்றை வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தான். எழுதிக் கொடுத்தவர் கட்டத்தில் 'குமரேசன் ராமலிங்கம் என்கிற ஆர். குமரேசன்' என்று இருக்கிறது. மேலே 1998 வரியில் வெறும் ஆர். குமரேசன். அப்பா சொல்லி எழுதிய பெயர்.