வகுப்பறைக் காற்றை நாமே பரிசோதிப்பது எப்படி? யாழ்ப்பாணப் பெற்றோருக்கும் ஆசிரியர்களுக்கும் ஒரு செய்முறை

யாழ்ப்பாணத்தில் தண்ணீரைப் பற்றிப் பேசாத வீடு இல்லை. சுன்னாகம் பக்கத்துக் கிணறுகளில் எண்ணெய் கலந்த பிரச்சினைக்குப் பிறகு அந்தக் கவனம் இன்னும் கூடியது. நல்ல விசயம். ஆனால் பிள்ளை காலை ஏழரை முதல் பிற்பகல் ஒன்றரை வரை, ஆறு மணித்தியாலம் சுவாசிக்கிற வகுப்பறைக் காற்றைப் பற்றி நாங்கள் யாரிடமும் கேட்பதில்லை.

கேட்க வேண்டும். உடல் எடையோடு ஒப்பிட்டால், பிள்ளைகள் பெரியவர்களைவிட அதிகம் காற்றை உள்ளிழுக்கிறார்கள். அவர்களுடைய நுரையீரல் இன்னும் வளர்ந்துகொண்டிருக்கிறது. அதோடு, தலையிடிக்கிறது என்றால் எழுந்து வெளியே போகும் சுதந்திரம் ஆசிரியருக்கு உண்டு, ஐந்தாம் ஆண்டுப் பிள்ளைக்கு இல்லை.

கீழே உள்ளதைச் செய்ய விஞ்ஞானம் படித்திருக்கத் தேவையில்லை. ஒரு கொப்பி, ஒரு பேனை, ஒரு முழம் தையல் நூல், அதிபரின் அனுமதி, இவ்வளவும் போதும்.

படி 1: திங்கட்கிழமை கதவு திறக்கும்போது போய் நில்லுங்கள்

சனி, ஞாயிறு பூட்டிக் கிடந்த அறையில்தான் பொருட்களில் இருந்து கசியும் ஆவிகள் அதிகம் தேங்கியிருக்கும். கதவைத் திறந்ததும் முதல் மூச்சில் என்ன மணக்கிறது என்று உடனே எழுதுங்கள். பெயின்றா, பசையா, நப்தலீன் உருண்டையா, புகையா? கண் கரிக்கிறதா? தாமதிக்காதீர்கள். சில நிமிடங்களில் மூக்கு பழகிவிடும், பிறகு ஒன்றும் தெரியாது. நாள் முழுக்க அந்த அறையில் இருப்பவர்கள் "இங்கே ஒரு மணமும் இல்லையே" என்று மனதாரச் சொல்வதும் இதனால்தான்.

மூக்கை முழுவதும் நம்பவும் கூடாது. அரைகுறையாக எரியும்போது வரும் காபனோரொட்சைட்டு என்ற நச்சு வாயுவுக்கு மணம் கிடையாது. அஸ்பெஸ்ரஸ் தூசுக்கும் கிடையாது. ஆகவே மணம் இல்லை என்றாலும் அடுத்த படிக்குப் போங்கள்.

படி 2: ஆவி எங்கிருந்து வருகிறது என்று தேடுங்கள்

முழு வேலையிலும் முக்கியமானது இந்தப் படி. ஒவ்வோர் அறையாக நடந்து, பொருள் பொருளாக எழுதுங்கள்.

முதலில் பெயின்ற். பரிசளிப்பு விழாவோ இல்ல விளையாட்டுப் போட்டியோ வருகிறது என்றால் சுவர்களுக்கும் வாங்குகளுக்கும் அவசரமாகப் பெயின்ற் அடிப்பது எங்கள் வழக்கம். எனாமல் பெயின்றிலும் அதில் கலக்கும் தின்னரிலும் தொலுயீன், சைலீன் போன்ற கரைப்பான்கள் இருக்கின்றன. காயும்போது அவை காற்றில் கலந்து தலையிடி, தலைச்சுற்று, கண் எரிவு கொடுக்கும். இதைத் தவிர்க்கச் செலவே இல்லை. தவணை விடுமுறையின் முதல் நாட்களில் அடியுங்கள், கடைசி நாட்களில் வேண்டாம். சுவருக்கு நீரில் கரையும் இமல்சன் பெயின்றைத் தெரிவு செய்யுங்கள். அடித்த பின் யன்னல்களைப் பூட்டாமல் விடுங்கள். பழைய பெயின்றைச் சுரண்டும்போது இன்னும் கவனம் வேண்டும். இலங்கையில் பெயின்றில் ஈயத்துக்கான சட்ட வரம்பு 2013 இல்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்திய பூச்சுகளில் ஈயம் இருக்கலாம். உலர்ந்தபடி உப்புத்தாளால் தேய்த்தால் அது தூசாகி மேசை, தரை எல்லாம் படியும். ஈயம் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும். எனவே சுவரை நனைத்துச் சுரண்டி, சுரண்டியதைக் கூட்டாமல் ஈரத்துணியால் துடைத்து எடுக்க வேண்டும். பிள்ளைகளைச் சிரமதானத்துக்கு அழைத்து இந்த வேலையைக் கொடுக்கவே கூடாது.

அடுத்தது புதிய தளபாடம். பிளைவூட், எம்டிஎஃப் பலகைகளை ஒட்டும் பசையில் இருந்து ஃபோர்மல்டிஹைட் என்ற வாயு மாதக்கணக்கில் வெளிவரும். 2004 இல் சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை இதை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று வகைப்படுத்தியது. உலக சுகாதார நிறுவனம் உள்ளகக் காற்றுக்குச் சொல்லும் உச்ச அளவு, 30 நிமிட சராசரியாக, ஒரு கன மீற்றரில் 0.1 மில்லிகிராம். வெப்பமும் ஈரப்பதமும் கூடக் கூட இந்த வாயு அதிகமாக வெளியேறும். சித்திரை வெயிலில் சீற் கூரைக்குக் கீழே பூட்டிய அறையில் புது அலுமாரிகளை அடுக்கினால் என்ன நடக்கும் என்று யோசித்துப் பாருங்கள். வந்த தளபாடத்தைச் சில வாரங்கள் காற்றோட்டமான விறாந்தையில் வைத்துவிட்டு உள்ளே எடுங்கள். பலகையின் வெட்டு விளிம்புகளில் இருந்துதான் வாயு அதிகம் கசியும், ஆகவே விளிம்பு மூடப்பட்டிருக்கிறதா என்று தடவிப் பாருங்கள். தெரிவு செய்யும் வசதி இருந்தால் வேப்ப மரத்தில் செய்த மேசை நல்லது. நெடுங்காலம் உழைக்கும், ஒட்டுப்பசை மிகக் குறைவு.

உயிரியல் ஆய்வுகூடம் உள்ள பாடசாலை என்றால், மாதிரிகள் ஊறவைத்த போத்தல்களைப் பாருங்கள். போமலின் என்பது நீரில் கரைத்த ஃபோர்மல்டிஹைட்தான். மூடி இறுகாத போத்தல், உடைந்த இரச வெப்பமானி, லேபல் இல்லாத அமிலம், மூன்றையும் கொப்பியில் குறித்துப் பொறுப்பாசிரியரிடம் சொல்லுங்கள். இரசம் சிந்தினால் தும்புத்தடியால் கூட்ட வேண்டாம், அது சிறு துளிகளாகப் பரவி ஆவியாகும். பிள்ளைகளை வெளியே எடுத்து, யன்னல்களைத் திறந்து, கையுறையோடு தடித்த அட்டையால் துளிகளை ஒன்றுசேர்த்து மூடியுள்ள போத்தலில் போட வேண்டும்.

மலசலகூடத்தில் ஒரே ஒரு விதி: குளோரின் தூளையும் அமிலம் கலந்த கழுவு திராவகத்தையும் சேர்க்கக் கூடாது. சேர்ந்தால் குளோரின் வாயு வரும், அது நுரையீரலை எரிக்கும். இதைச் சுத்தம் செய்யும் அக்காவுக்குத் தமிழில் எழுதிச் சுவரில் ஒட்டிக் காட்டுங்கள். முதலில் அந்த வாயு படுவது அவருக்குத்தான்.

நுளம்புத்திரியையும் சொல்ல வேண்டும். பாடசாலையைவிட மாலை ரியூசன் கொட்டகைகளில்தான் மேசைக்கு அடியில் அது புகைந்துகொண்டிருக்கும். ஒரு திரி முழுவதும் எரியும்போது வெளிவரும் நுண்துகள்கள் 75 முதல் 137 சிகரெட்டுகள் எரிவதற்குச் சமம் என்று 2003 இல் வெளியான ஓர் ஆய்வு அளந்து சொன்னது. டெங்கு எங்களுக்கு உண்மையான ஆபத்து, எனவே நுளம்பைப் பொறுத்துக்கொள்ளுங்கள் என்று நான் சொல்லவில்லை. யன்னலுக்கு வலை அடியுங்கள், தேங்கிய தண்ணீரை ஊற்றுங்கள், பிள்ளைக்கு நீளக் காற்சட்டை போட்டு அனுப்புங்கள். டெங்குக்காகப் புகை அடிப்பதென்றால் பாடசாலை விட்ட பிறகு அடித்து, மறுநாள் காலை நேரத்தோடு கதவுகளைத் திறந்துவிடச் சொல்லுங்கள்.

படி 3: நூலைத் தொங்கவிட்டுக் காற்றின் வழியைப் பாருங்கள்

நூலை யன்னலின் நடுவில் பிடியுங்கள். உள்பக்கம் சாய்ந்தால் காற்று உள்ளே வருகிறது. எதிர்ப் பக்கத்தில் பிடித்தால் வெளிப்பக்கம் சாய வேண்டும். இரண்டிலும் அசையாமல் தொங்கினால் அந்த அறையில் காற்று ஓடவில்லை.

எங்கள் ஊரில் காற்றுக்குப் பஞ்சமில்லை. வைகாசிக்குப் பிறகு தென்மேற்கில் இருந்து சோளகம் அடிக்கும், மாரியில் வடக்குப் பக்கமாக வாடை வரும். அரைச்சுவர் வைத்து மேலே திறந்துவிட்ட பழைய வகுப்பறைகள் இந்தக் காற்றை நம்பிக் கட்டப்பட்டவை. பிள்ளைகளின் மூச்சுக்கு அவை மிக நல்ல கட்டடங்கள். இப்போது அந்த அரைச்சுவருக்கு மேல் கண்ணாடி அடைத்து, ஏசி பூட்டி, ஸ்மார்ட் வகுப்பறை ஆக்குகிறோம். சாதாரண சுவர் ஏசி வெளிக்காற்றை உள்ளே எடுப்பதில்லை. அறையில் இருக்கும் அதே காற்றைத்தான் குளிராக்கித் திருப்பி விடுகிறது. நாற்பது பிள்ளைகளின் மூச்சு, புரொஜெக்டர், புதுப் பலகை, வெண்பலகைப் பேனையின் கரைப்பான், எல்லாம் அதற்குள்ளேயே சுற்றும். வெளிநாட்டில் இருக்கும் பழைய மாணவர்கள் உதவ முன்வரும்போது, ஏசியைவிட மேல்யன்னல்களும் வெளியே இழுக்கும் விசிறியும் கேளுங்கள். ஏசி ஏற்கனவே பூட்டியாயிற்று என்றால், ஒவ்வொரு பாடம் முடியும்போதும் கதவு யன்னல் எல்லாவற்றையும் பத்து நிமிடம் திறக்க வேண்டும். காலையில் மணி அடிக்க அரை மணித்தியாலம் முன்பே எல்லா அறைகளையும் திறந்துவிடும் பழக்கம், நான் அறிந்ததில் மிகவும் மலிவான மருந்து.

படி 4: கூரையை அண்ணாந்து பாருங்கள்

அஸ்பெஸ்ரஸ் சீற் முழுதாக, உடையாமல் இருந்தால் பதற்றப்பட வேண்டாம். துளையிட்டால், உடைத்தால், கம்பித் தூரிகையால் பாசி உரஞ்சினால் நார்கள் காற்றில் கலக்கும். எல்லா வகை அஸ்பெஸ்ரஸும் புற்றுநோய் உண்டாக்கும், நோய் வெளிப்பட 20 முதல் 40 ஆண்டுகள் வரை ஆகலாம். சேதமான கட்டடங்களுக்குப் பின்னால் உடைந்த சீற் துண்டுகள் குவிந்து கிடந்தால், பிள்ளைகள் அவற்றை எடுத்துக் கோடு கீறி விளையாடுவார்கள். அந்தக் குவியலை நனைத்து, தடித்த பையில் கட்டி, அகற்றுவதற்கு உள்ளூராட்சி சபையிடம் கேளுங்கள். அதுவரை பிள்ளைகள் போகாதபடி அடையுங்கள்.

படி 5: மதிலுக்கு வெளியே

காலைக் கூட்டம் முடிந்ததும் வளவு மூலையில் சருகோடு பொலித்தீனும் சேர்ந்து எரியும் பாடசாலைகள் இன்னும் இருக்கின்றன. இதை நிறுத்துங்கள், வேறு எதையும் செய்யாவிட்டாலும் இதைச் செய்யுங்கள். பிளாஸ்ரிக் எரிந்தால் நுண்துகள்களோடு டயொக்சின் போன்ற நச்சுகளும் வரும். சருகைக் குழியில் போட்டால் பசளையாகும், பொலித்தீனைப் பிரதேச சபை வண்டிக்குக் கொடுக்கலாம்.

வாசலில் எஞ்சின் ஓடியபடி நிற்கும் பாடசாலை வான்களிடம் நிறுத்தி வைக்கச் சொல்லுங்கள். டீசல் புகை 2012 முதல் புற்றுநோய்க் காரணிகளின் முதலாம் பிரிவில், அதாவது மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குபவை என்ற பிரிவில், உள்ளது. வலிகாமத்தின் செம்மண் தோட்டங்களுக்கு நடுவே உள்ள பாடசாலை என்றால், வெங்காயத்துக்கும் மிளகாய்க்கும் மருந்து அடிக்கும் நேரத்தைத் தோட்டக்காரரிடம் நேரில் போய்ப் பேசுங்கள். "அண்ணை, பிள்ளைகள் போன பிறகு அடிக்க முடியுமா?" என்று கேட்டால் பெரும்பாலானோர் மறுக்க மாட்டார்கள், அவர்களின் பிள்ளைகளும் அங்கேதான் படிக்கிறார்கள்.

சில நாட்களில் வெளிக்காற்றே கெட்டுப்போகும். 2022 டிசம்பர் 9 அன்று காற்று மாசு காரணமாக நாடு முழுவதும் அரச பாடசாலைகளை மூடினார்கள். அப்படிப்பட்ட நாட்களில் யன்னல் திறக்கும் அறிவுரை பொருந்தாது. விளையாட்டை நிறுத்தி, உள்ளே இருக்க வேண்டும்.

படி 6: பிள்ளைகளைக் கேளுங்கள்

தலையிடி, கண் எரிவு, தொண்டை அரிப்பு, முட்டு. யாருக்கு, எந்த அறையில், எந்த நேரம் என்று இரண்டு மூன்று வாரம் குறியுங்கள். ஒரே அறையில் பலருக்கு வந்து, வீட்டுக்குப் போனதும் குறைந்தால் அந்த அறையைச் சந்தேகியுங்கள். முட்டு உள்ள பிள்ளைக்குக் கொப்பி நிரம்பும் வரை காத்திருக்க வேண்டாம், வைத்தியரிடம் காட்டுங்கள்.

படி 7: கருவி

இணையத்தில் விற்கும் மலிவான கருவிகள் ஃபோர்மல்டிஹைட் என்று ஓர் எண்ணைக் காட்டும். வாசனைத் திரவியத்துக்கும் கை கழுவும் மதுசாரத்துக்கும்கூட அந்த எண் ஏறும், ஆகவே அதை நம்ப முடியாது. வாங்கத்தான் வேண்டும் என்றால், நாங்கள் மூச்சில் வெளிவிடும் காபனீரொட்சைட்டை அகச்சிவப்பு முறையில் அளக்கும் மானி ஒன்றை வாங்கிப் பாடசாலை முழுவதற்கும் பயன்படுத்துங்கள். வெளியே ஏறக்குறைய 420 பிபிஎம் (காற்றின் பத்து லட்சம் பங்கில் 420 பங்கு) காட்டும். வகுப்பு நடக்கும்போது 1000 ஐத் தாண்டினால் காற்றோட்டம் போதாது. இது இரசாயனங்களை அளப்பதில்லை, காற்று மாறுகிறதா என்பதை மட்டும் சொல்லும்.

படி 8: கடிதம்

குறிப்புகளை ஒரு பக்கத்தில் சுருக்கி, அதிபருக்கும் பாடசாலை அபிவிருத்திச் சங்கத்துக்கும் கொடுங்கள். குற்றம் சாட்டும் தொனி வேண்டாம். அறையின் பெயர், நாள், கண்டது, கேட்கும் மாற்றம், இந்த வரிசையில் எழுதுங்கள். காசு தேவைப்படாத மூன்று வேண்டுகோள்களை முதலில் வையுங்கள்: குப்பை எரிப்பதை நிறுத்துவது, அறைகளை நேரத்தோடு திறப்பது, பெயின்ற் வேலையை விடுமுறைத் தொடக்கத்துக்கு மாற்றுவது. கூரையும் ஆய்வுகூடமும் சம்பந்தப்பட்டவற்றுக்கு வலயக் கல்விப் பணிமனைக்கும், உங்கள் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்கும் பிரதி அனுப்புங்கள். பாடசாலை மருத்துவப் பரிசோதனைக்கு அவர் வரும் நாளில் கொப்பியையும் கையில் கொடுத்து, சந்தேகமான அறைக்கு நேரே கூட்டிக்கொண்டு போங்கள்.