மீன்பிடி விதியில் பிழையோ ஐயமோ கண்டால்: திருத்தமும் தெளிவுரையும் கோரிப் பெறும் முறை

தமிழ்நாட்டின் கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுகளுக்கான மீன்பிடித் தடைக்காலம் ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை நடப்பில் இருக்கிறது. முன்பு 45 நாட்களாக இருந்த இத்தடை 2017 முதல் 61 நாட்களாக நீட்டிக்கப்பட்டது. தடைக்கால அறிவிப்பைக் கவனித்துப் படித்தவர்கள், தேதிகளை அடுத்து ‘இரு நாட்களும் உட்பட’ என்ற தொடர் வருவதைக் கண்டிருப்பார்கள். அந்த மூன்று சொற்கள் இல்லாவிட்டால், ஜூன் 14 விடியற்காலையில் படகு இறங்கலாமா என்பதில் உரிமையாளர் ஒரு கணக்கும் ஆய்வாளர் ஒரு கணக்கும் போடுவார்கள். அந்த ஒரு நாளுக்காக, கடலுக்குப் போக அனுமதிக்கும் சீட்டான டோக்கன் மறுக்கப்படும். பிடித்த மீன் பறிமுதலாகும். வழக்கு ஆண்டுக்கணக்கில் நீளும். விதியின் சொல் துல்லியமாக இருப்பது கடலோரத்தில் சோற்றுப் பிரச்சினை என்பதால்தான் இந்த வழிகாட்டியை எழுதுகிறேன். விசைப்படகு உரிமையாளர் சங்கங்கள், நாட்டுப்படகு மீனவர் சங்கங்கள், மீனவர் கூட்டுறவுச் சங்கங்கள் ஆகியவற்றின் சார்பில் மனு எழுதும் பொறுப்பில் இருப்பவர்களை மனத்தில் கொண்டே இதை எழுதியிருக்கிறேன்.

முதல் வேலை, விதியின் மூல வாசகத்தைக் கையில் எடுப்பது. செய்தித்தாள் சுருக்கமும், வாட்ஸ்அப்பில் சுற்றும் படமும், மீன்பிடித் துறைமுகத்தின் அறிவிப்புப் பலகையும் விதி ஆகா. தமிழ்நாட்டுக் கடல் மீன்பிடிப்பை நெறிப்படுத்தும் தாய்ச்சட்டம் 1983-ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குபடுத்தும் சட்டம். அதன்கீழ் அதே ஆண்டில் வந்த விதிகளுக்குப் பதிலாக 2020-இல் புதிய விதிகள் வெளியாயின. இவை தவிர அவ்வப்போது அரசாணைகளும் துறைத் தலைமையின் சுற்றறிக்கைகளும் வருகின்றன. மனு எழுத உட்காரும் முன் தமிழ்நாடு அரசிதழில் வெளியான வாசகத்தையும், அதன்பின் வந்த ஒவ்வொரு திருத்தத்தையும் வரிசையாக அடுக்கி, இன்றைய நிலையில் அந்த விதி எப்படிப் படிக்கப்படவேண்டும் என்பதை ஒரே தாளில் எழுதிக்கொள்ளுங்கள். பழைய விதியின் எண்ணைச் சுட்டி எழுதப்பட்டதற்காகவே ஒதுக்கப்பட்ட மனுக்களை நான் பார்த்திருக்கிறேன். உள்ளே இருந்த குறை உண்மையானதாக இருந்தும் அதை யாரும் படிக்கவில்லை.

தமிழ் வாசகத்தை மட்டும் படித்துவிட்டு நின்றுவிடவும் கூடாது. சட்டங்கள், விதிகள், ஒழுங்குமுறைகள் ஆகியவற்றின் அதிகாரபூர்வ வாசகம் ஆங்கில வாசகமே என்பது அரசமைப்புச் சட்டத்தின் 348-ஆவது கூறு வகுத்த நிலை. இது மீன்பிடித் தொழிலில் நேரடியாகக் காயப்படுத்தும் இடம் ஒன்று உண்டு. உள்ளே பொருத்திய எஞ்சினுடன் இழுவலை இழுக்கும் விசைப்படகும், வெளிப்பொருத்து மோட்டார் மாட்டிய ஃபைபர் படகும் ஆங்கிலத்தில் வெவ்வேறு சொற்களால் குறிக்கப்படுகின்றன. அவ்விரண்டு சொற்களையும் தமிழில் ‘இயந்திரப் படகு’ என்று ஒன்றாக்கிவிட்டால், விசைப்படகுக்குப் போட்ட தடை சிறுதொழில் மீனவரின் ஃபைபர் படகின் மேலும் விழுகிறது. ஆகவே இரு மொழி வாசகங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். பிழை மொழிபெயர்ப்பில் மட்டும் இருந்தால் கோரிக்கை மிகச் சிறியதாகிவிடும். விதியையே மாற்றச் சொல்லவேண்டிய தேவை இராது.

அடுத்து, அந்த விதியைச் செய்தவர் யார் என்று தீர்மானிக்க வேண்டும். பெரும்பாலான மனுக்கள் வழிதவறுவது இங்கேதான். அரசமைப்புச் சட்டத்தின் ஏழாம் அட்டவணையில் மீன்வளம் மாநிலப் பட்டியலின் 21-ஆவது இனம். ஆட்சிக்கடலுக்கு அப்பால் மீன்பிடித்தல் ஒன்றியப் பட்டியலின் 57-ஆவது இனம். ஆட்சிக்கடல் என்பது, கடல் எல்லைகளை அளக்கத் தொடங்கும் கோடான அடிப்படைக் கோட்டிலிருந்து 12 கடல் மைல். அதற்கு அப்பால் 200 கடல் மைல் வரை தனிப் பொருளாதார மண்டலம். ஒரு கடல் மைல் 1.852 கிலோமீட்டர். இந்தப் பிரிவு ஏட்டளவில் நிற்பதில்லை. மேற்குக் கடற்கரையில் ஒன்றிய அரசின் தடை ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை 61 நாட்கள். கேரளம் தன் ஆட்சிக்கடலில் விதிக்கும் இழுவலைத் தடையோ 52 நாட்கள். ஜூன் மாதத்தின் முதல் வாரத்தில் கேரளத் துறைமுகத்திலிருந்து இயங்கும் குமரி மாவட்டப் படகு ஒன்று, 12 மைலுக்கு உள்ளே ஒரு விதிக்கும் வெளியே மற்றொரு விதிக்கும் உட்பட்டு நிற்கிறது. அங்கே எழும் ஐயத்தைச் சென்னைக்கு எழுதிப் பயனில்லை. இரண்டு மாநிலங்களுக்கும் மேலே உள்ள ஒன்றிய மீன்வளத்துறைக்குத்தான் எழுதவேண்டும்.

மீன் கூட்டத்தைச் சுற்றி வளைத்து, அடியைச் சுருக்கி அள்ளும் சுருக்குமடி வலை பற்றிய வழக்கு இதற்கு நல்ல பாடம். 2022 பிப்ரவரியில் தமிழ்நாடு அரசு சுருக்குமடிக்குத் தடை விதித்தது. அது உச்ச நீதிமன்றத்துக்குப் போனபோது, 2023 ஜனவரி 24 அன்று வந்த இடைக்கால ஆணை, 12 கடல் மைலுக்கு வெளியே, தனிப் பொருளாதார மண்டலத்துக்குள், பதிவுபெற்ற படகுகளுக்கு மட்டும், கண்காணிப்புக் கருவி பொருத்திய நிலையில், திங்கள், வியாழன் ஆகிய இரு நாட்களில், காலை 8 முதல் மாலை 6 மணி வரை அனுமதி அளித்தது. அந்த நிபந்தனைகள் நியாயமா என்பதில் நாட்டுப்படகுக்காரருக்கும் சுருக்குமடிக்காரருக்கும் இன்றும் ஒத்த கருத்து இல்லை. அந்த வாதத்துக்குள் நான் போகவில்லை. நான் காட்ட விரும்புவது அந்த ஆணையின் சொல்லமைப்பை. காலை 8 முதல் மாலை 6 வரை என்று மட்டும் சொல்லி நிறுத்தியிருந்தால், 8 மணி என்பது வலை விடும் நேரமா, கரையை விட்டுப் புறப்படும் நேரமா என்று மறுநாளே சண்டை வந்திருக்கும். நீதிமன்றம் அதற்கு இடம் வைக்காமல், 8 மணிக்கோ அதற்குப் பின்போ கரையை விட்டுப் புறப்பட்டு, அன்றே மாலை 6 மணிக்குள் குறித்த இடத்துக்குத் திரும்பிவிடவேண்டும் என்று பொருளையும் சேர்த்தே எழுதியது. நீங்கள் கோரும் தெளிவுரையும் இந்த அளவுக்கு இறங்கி வரவேண்டும்.

இனி, கண்ட குறை எந்த வகையைச் சேர்ந்தது என்று பிரித்தறிய வேண்டும். விதி எண் மாறி அச்சானது, தேதி தவறியது, ஓர் ஊரின் பெயர் விடுபட்டது போன்றவை எழுத்துப் பிழைகள். இவற்றுக்கு அரசிதழில் ஒரு பிழைதிருத்தம் போதும். சொல் சரியாக இருந்தும் இரு பொருள் தந்தால், அது ஐயம். அதற்குத் துறை ஒரு தெளிவுரை வழங்கலாம், அல்லது விதியிலேயே ஒரு விளக்கம் சேர்க்கலாம். சொல்லும் பொருளும் தெளிவாக இருந்து, அந்த ஏற்பாடே தவறு என்று நீங்கள் கருதினால், அது கொள்கை பற்றிய மறுப்பு; அதற்கு முறையான விதித் திருத்தம் தேவை. இந்த மூன்றையும் ஒரே மனுவில் கலக்காதீர்கள். எளிதில் சரியாகக்கூடிய அச்சுப் பிழைகூடக் கொள்கைச் சண்டையோடு கட்டப்பட்டால் கோப்பில் கிடந்துவிடும். சுற்றறிக்கையாகவோ கடிதமாகவோ வரும் தெளிவுரை, விதியின் சொல்லுக்கு எதிராகப் போக முடியாது என்பதையும் நினைவில் வைக்கவேண்டும். அலுவலர் ஒருவர் நல்லெண்ணத்தோடு தரும் சலுகைக் கடிதம், விதி வேறு சொல்லும்போது நாளை வேறோர் அலுவலரிடமோ நீதிமன்றத்திலோ உங்களைக் காக்காது. விதியின் சொல்லோடு மோதும் தெளிவுரை கிடைத்தால் அதில் நிறைவடைந்துவிடாமல், விதியையே திருத்தக் கோருங்கள்.

எந்தச் சொல்லில் ஐயம் ஒளிந்திருக்கும் என்பதற்குச் சில இடங்களை அனுபவத்தில் கண்டிருக்கிறேன். தூரம் சொல்லும் விதி, ‘கரையிலிருந்து’ என்கிறதா, ‘அடிப்படைக் கோட்டிலிருந்து’ என்கிறதா என்று பாருங்கள். வளைவான கடற்கரையில் இரண்டும் ஒன்றாகா. வலைக்கண்ணியின் அளவு சொல்லும் விதி, முடிச்சிலிருந்து அடுத்த முடிச்சுவரை அளக்கச் சொல்கிறதா, கண்ணியை இழுத்து நீட்டி அளக்கச் சொல்கிறதா என்று கேளுங்கள். நீட்டிய அளவு ஏறத்தாழ இரு மடங்கு வரும். அந்த அளவு வலை முழுவதற்குமா, மீன் சேரும் கடைசிப் பையான மடிப்பகுதிக்கு மட்டுமா, கண்ணி சதுரமா, சாய்சதுரமா என்பனவும் எழுதப்பட்டிருக்கவேண்டும். எஞ்சினின் குதிரைத்திறனுக்கு உச்சவரம்பு வைத்தால், அதற்குச் சான்று தயாரிப்பாளரின் தகடா, ஆய்வாளரின் சோதனையா என்பதைச் சொல்லவேண்டும்.

இடத்தைக் குறிக்கும் சொற்களுக்குக் கன்னியாகுமரி மாவட்டத்தைக் காட்டிலும் நல்ல எடுத்துக்காட்டு இல்லை. சின்னமுட்டம் கிழக்குக் கடற்கரையின் தடைக்காலத்தைப் பின்பற்றுகிறது. குளச்சலும் தேங்காய்ப்பட்டணமும் மேற்குக் கடற்கரையின் தடைக்காலத்தைப் பின்பற்றுகின்றன. ஒரே மாவட்டத்தில் ஒரு துறைமுகம் மூடியிருக்கும்போது மற்றொன்று திறந்திருக்கும். இந்த நிலையில் ‘கன்னியாகுமரி மாவட்டப் படகுகள்’ என்று ஓர் ஆணை சொன்னால், அது படகு பதிவான இடத்தைக் குறிக்கிறதா, வலை விரித்த கடலைக் குறிக்கிறதா, மீன் இறக்கும் துறையைக் குறிக்கிறதா? மூன்றுக்கும் மூன்று விடைகள் வரும். அந்த மூன்று விடைகளையும் மனுவில் எழுதிக் காட்டினாலே போதும், ஐயம் இருப்பதை நிறுவ வேறு வாதம் வேண்டியதில்லை.

மனுவின் உடல் நான்கு பகுதிகளாக அமைந்தால் படிப்பவருக்கு வேலை எளிதாகும்: இப்போதுள்ள வாசகம் எழுத்துப் பிசகாமல், அதனால் நேர்ந்தது என்ன, நீங்கள் கோரும் மாற்று வாசகம், அந்த மாற்று தாய்ச்சட்டத்தின் எந்த நோக்கத்துக்குப் பொருந்துகிறது. இவற்றுள் மூன்றாவதை எழுதத்தான் எல்லாரும் தயங்குகிறார்கள். ‘தக்க திருத்தம் செய்து உதவுமாறு கேட்டுக்கொள்கிறோம்’ என்று முடிக்கும் மனு, எழுதும் உழைப்பை மேசைக்கு அந்தப் பக்கம் தள்ளுகிறது. அங்கே ஏற்கெனவே கோப்புகள் குவிந்திருக்கின்றன. அதற்கு மாறாக, குமரி எடுத்துக்காட்டையே வைத்து ஒரு மாற்று வாசகம் எழுதினால் இப்படி அமையலாம்:

‘‘கன்னியாகுமரி மாவட்டப் படகுகள்’ என்னும் சொற்களுக்குப் பதிலாக, ‘கன்னியாகுமரி மாவட்டத்தின் மேற்குக் கடற்கரையில் உள்ள மீன்பிடித் துறைமுகத்தையோ மீன் இறங்குதளத்தையோ பதிவுச் சான்றில் தங்குதளமாகக் கொண்ட விசைப்படகுகள், அவை எங்கு மீன்பிடித்தாலும்’ என்னும் சொற்கள் அமைக்கப்படவேண்டும்.’

எழுதிய வாசகத்தைச் சங்கக் கூட்டத்தில் உரக்கப் படித்து, படகை ஓட்டும் அனுபவமுள்ள ஸ்ராங்குகளிடம் கேள்வி கேட்கச் சொல்லுங்கள். நள்ளிரவு 12 மணிக்குக் கடலில் இருக்கும் படகின் நிலை என்ன? எஞ்சின் பழுதாகிக் குறித்த நேரத்துக்குள் கரைசேர முடியாத படகு குற்றம் செய்ததாகுமா? மூழ்கும் படகைக் காப்பாற்றத் தடைப் பகுதிக்குள் நுழைந்தவருக்கு விலக்கு உண்டா? கடலில் நாற்பது ஆண்டு இருந்தவர் கேட்கும் ஒரு கேள்வி, வழக்கறிஞர் பத்துப் பக்கத்தில் காணாத ஓட்டையைக் காட்டிவிடும்.

சான்றுகளில் மிகவும் வலுவானது, ஒரே விதிக்கு இரு அலுவலகங்கள் இரு பொருள் கொண்டதற்கான எழுத்து ஆதாரம்: ஓரிடத்தில் அனுமதித்து மற்றோரிடத்தில் அபராதம் விதித்த ஆணைகளின் நகல்கள். இவை கையில் இல்லாவிட்டால் தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005-இன்கீழ் 10 ரூபாய் கட்டணத்துடன் பொதுத் தகவல் அலுவலருக்கு விண்ணப்பிக்கலாம். 30 நாட்களுக்குள் பதில் வரவேண்டும். கேட்கும் முறையில் ஒரு கவனம் தேவை. ‘இந்த விதிக்கு என்ன பொருள்’ என்று கேட்டால், விளக்கம் தருவது தகவல் ஆகாது என்று பதில் வரும். ‘இந்த விதி தொடர்பாக வெளியிடப்பட்ட சுற்றறிக்கைகள், கடிதங்கள், கோப்புக் குறிப்புகள் ஆகியவற்றின் நகல்கள்’ என்று ஆவணங்களைப் பெயர் சொல்லிக் கேளுங்கள்.

மாநில விதியானால் மனுவை உங்கள் பகுதி மீன்வளத்துறை உதவி இயக்குநர் வழியாக மீன்வளம் மற்றும் மீனவர் நலத்துறையின் தலைமை அலுவலகத்துக்கும், ஒரு நகலை அரசுச் செயலருக்கும் அனுப்பவேண்டும். கடலோர மாவட்டங்களில் ஆட்சியர் தலைமையில் நடக்கும் மீனவர் குறைதீர் கூட்டத்தில் கொடுத்தால், மனு எண்ணோடு ஏற்பும் கிடைக்கும். எங்கே கொடுத்தாலும் ஏற்புச் சீட்டை வாங்காமல் திரும்பாதீர்கள். ஒருமுறை நாங்கள் நேரில் கொடுத்த மனு, வரவே இல்லை என்று எட்டு மாதங்களுக்குப் பின் சொல்லப்பட்டது. கையெழுத்து வாங்காமல் வந்த எங்களிடம் மறுத்துப் பேச ஒரு தாளும் இல்லை.

வரைவு விதி அரசிதழில் வெளியாகி ஆட்சேபணைகளும் கருத்துரைகளும் கேட்கப்படும் காலமே மிகவும் மதிப்புள்ள காலம். அப்போது குறித்த நாளுக்குள் வந்த கருத்தைப் பரிசீலிக்கவேண்டிய கடமை அரசுக்கு உண்டு. விதி இறுதியானபின் அதே கருத்து வேண்டுகோள் என்ற அளவுக்கு இறங்கிவிடுகிறது. ஆகவே அரசிதழைத் தொடர்ந்து பார்க்கும் வேலையை, ஆண்டு முழுவதற்கும் சேர்த்துச் சங்கத்தில் ஒருவரிடம் ஒப்படையுங்கள்.

மனு கொடுத்துவிட்டதால் விதி நின்றுவிடாது. திருத்தம் வரும்வரை பழைய வாசகத்தின்படியே அபராதம் விதிக்கப்படும். தாய்ச்சட்டம் வெளிப்படையாக இடம் தந்தாலன்றி, திருத்தம் பொதுவாக வெளியான நாளிலிருந்தே செல்லும். எனவே ஏற்கெனவே அபராத ஆணை பெற்றவர்கள் திருத்தத்துக்காகக் காத்திராமல், ஆணையில் குறித்த காலத்துக்குள் மேல்முறையீடு செய்துவிடவேண்டும். விதியே தாய்ச்சட்டத்தை மீறுகிறது என்றால் உயர் நீதிமன்றத்தில், தென் மாவட்டத்தாருக்கு அதன் மதுரைக் கிளையில், அரசமைப்புச் சட்டத்தின் 226-ஆவது கூற்றின்கீழ் நீதிப்பேராணை மனு தாக்கல் செய்யலாம். அதற்கும் முன்பு கொடுத்த மனுவின் ஏற்புச் சீட்டு தேவைப்படும்.

திருத்தம் வெளியானதும் அதை முதல் நாள் விதியைப் படித்த அதே கவனத்தோடு, தமிழிலும் ஆங்கிலத்திலும், படியுங்கள். கோரிய சொல் இரு வாசகங்களிலும் ஏறியிருக்கிறதா, அந்தச் சொல்லைப் பயன்படுத்தும் மற்ற விதிகளும் அட்டவணைகளும் படிவங்களும் அதற்கேற்ப மாறியிருக்கின்றனவா என்று சரிபாருங்கள். விதி திருந்தியும் டோக்கன் படிவம் பழைய சொல்லிலேயே இருந்தால், துறைமுக வாயிலில் நிற்பவர் படிவத்தைத்தான் பார்ப்பார். திருத்தத்தின் நகலை உங்கள் பகுதி ஆய்வாளரிடமும் கடலோரக் காவல் நிலையத்திலும் நீங்களே கொண்டுபோய்க் கொடுத்து, அதற்கும் ஏற்பு வாங்கிக்கொள்ளுங்கள்.