பவர் விண்டோ அசையவில்லை என்றால் உடனே மோட்டார் வாங்காதீர்கள்

டர்பன் நகரின் சாட்ஸ்வொர்த் பகுதியில் உள்ள எங்கள் பட்டறைக்கு வேலை பழக வரும் தம்பிமார், சுவிட்சை அழுத்தினால் மோட்டாரால் ஏறி இறங்கும் கார் கண்ணாடியைப் (பவர் விண்டோ) பழுதுபார்க்கையில், ஒரு காலத்தில் நான் செய்த அதே பிழைகளைச் செய்வதைப் பார்க்கும்போது மனம் பொறுப்பதில்லை. ஃபியூஸையும், பின்புற ஜன்னல்களை முடக்கும் பூட்டுச் சுவிட்சையும் பார்க்கும்படி எல்லோரும் சொல்வார்கள் என்பதால் அவற்றை இங்கே விட்டுவிடுகிறேன்.

சுமையில்லாமல் அளந்துவிட்டு மோட்டாரை மாற்றுவது

கனெக்டரை மோட்டாரிலிருந்து கழற்றி, மல்டிமீட்டரை வைத்து, 12 வோல்ட் தெரிந்ததும், மின்சாரம் வருகிறது, ஆகவே மோட்டார்தான் பழுது என்று முடிவு கட்டுகிறார்கள். நானும் அப்படித்தான் ஓர் அம்மையாரைப் புது மோட்டார் வாங்க வைத்தேன். கதவைப் பிரித்துப் பூட்டியதில் வயர்கள் சற்று அசைந்ததால் அன்று ஏறிய கண்ணாடி, மூன்றாம் நாள் கொட்டும் மழையில் பாதியில் நின்றுவிட்டது. கதவுக்கும் அது மாட்டப்பட்டிருக்கும் காரின் தூணுக்கும் நடுவே வயர்களை மூடியுள்ள ரப்பர் உறையைத் தள்ளிப் பார்த்தபோது, பச்சை பூத்த வயரில் ஓர் இழை மட்டுமே மிஞ்சியிருந்தது. பொருத்திய மோட்டாரைக் கடைக்காரர் திரும்ப வாங்கவில்லை. அந்தப் பணத்தை என் கூலியிலிருந்து அம்மையாருக்குக் கொடுத்தேன்.

மீட்டர் மிகச் சிறிய மின்னோட்டத்தையே எடுப்பதால் ஒற்றை இழை வழியாகவும் 12 வோல்ட் முழுதாகத் தெரியும். மோட்டாருக்கோ பல ஆம்பியர் வேண்டும், அந்தச் சுமை ஏறியதும் வோல்ட் சரிந்துவிடும். ஆகவே கனெக்டரை மாட்டியபடியே, அதன் பின்புறத்திலிருந்து இரு வயர்களுக்கும் இடையே, சுவிட்சை அழுத்திக்கொண்டு அளக்க வேண்டும். 11 வோல்ட்டுக்கு மேல் இருந்தும் மோட்டார் அசையவில்லை என்றால் பழுது மோட்டாரிலோ, கண்ணாடியை ஏற்றி இறக்கும் இயந்திர அமைப்பான ரெகுலேட்டர் இறுகிப்போனதிலோ இருக்கிறது. ஐந்தோ ஆறோ காட்டினால் வயரையும், எர்த் எனப்படும் கார் உடலோடு சேரும் இணைப்பையும், சுவிட்சின் உள்முனைகளையும் தேடுங்கள். பல பழைய கார்களில் மற்றக் கதவுகளுக்கான மின்சாரமும் ஓட்டுநர் பக்கத்துச் சுவிட்ச் வழியாகவே போகிறது.

கதவின் உள்பலகையைக் கழற்றும் முன்பே செய்யக்கூடிய சோதனை ஒன்று உண்டு: சுவிட்சை அழுத்தியபடி கதவை மெதுவாகத் திறந்து மூடுங்கள். கண்ணாடி விட்டுவிட்டு அசைந்தால் பழுது அந்த ரப்பர் உறைக்குள்தான். கடற்காற்று வீசும் ஊரில் இதை முதலில் பார்க்காமல் மோட்டார் வாங்கச் சொல்வதை இன்றும் என்னால் ஏற்க முடியவில்லை.

கண்ணாடி ஓடும் தடத்தில் கிரீஸ்

மண்ணைப் பிடித்து வைக்கும். சிலிகான் ஸ்ப்ரே போதும்.

பிளாஸ்டிக் விரிப்பைக் கிழித்தெறிவது

கண்ணாடி வழியே கதவுக்குள் இறங்கும் மழைநீர், அடியிலுள்ள துளைகளால் வெளியேறுகிறது. அந்த நீர் உள்பலகைக்கு வராமல் தடுப்பது, பலகைக்குப் பின்னால் ஒட்டியிருக்கும் இந்த விரிப்பே என்பதால், கழற்றியதைப் பழையபடி ஒட்டுங்கள். துளைகளையும் சுத்தம் செய்யுங்கள்.

கண்ணாடியைத் தாங்காமல், அதை ரெகுலேட்டரோடு பிணைக்கும் போல்ட்டைக் கழற்றுவது

முதலில் கண்ணாடியை மேலே ஏற்றி, கதவுச் சட்டத்தோடு டேப் போட்டு ஒட்டுங்கள்.

பேட்டரியைக் கழற்றிய பின்

ஒரே அழுத்தில் ஏறிய கண்ணாடி பல கார்களில் அவ்வாறு ஏறாது, அது பழுதன்று. காரின் கையேட்டில் உள்ள முறைப்படி மேல், கீழ் எல்லைகளை மறுபடி பதிவு செய்ய வேண்டும். அதுவரை, கை சிக்கினால் கண்ணாடி தானாக இறங்கும் பாதுகாப்பும் வேலை செய்யாமல் இருக்கக்கூடும் என்பதால், குழந்தைகளைக் கதவருகே விடாதீர்கள்.