பாக் செல்லோ ரெக்கார்டிங்கோட வேகம், சுருதி, மூட் மூணையும் காதாலயே பிடிக்கிறது எப்படி

பாண்டில எடிட்டிங் பண்ற தம்பி ஒருத்தன் போன வாரம் வந்தான், கடலூர் சில்வர் பீச்ல விடியக்காலைல எடுத்த ஷாட்டுக்கு ஜெர்மன் இசையமைப்பாளர் பாக்கோட முதல் செல்லோ சூட் (செல்லோங்கிற பெரிய வில் கருவிக்கு எழுதின தொகுப்பு), அதோட ஆரம்ப பகுதியான பிரெலூட் வைக்கணும்னு. "அண்ணா, கவர்ல ஜி மேஜர்னு இருக்கு, ஆப் எஃப் ஷார்ப்னு காட்டுது, வேகம் 120ன்னு காட்டுது, இவ்ளோ நிதானமா இருக்கே, ஃபைலே தப்பா?"ன்னு கேட்டான். ஃபைல் சரிதான், ரெண்டுக்கும் காரணம் இருக்கு. அவனுக்கு உக்கார வச்சு காட்டினதையே இங்க எழுதுறேன்.

முதல்ல நல்ல ஹெட்ஃபோன் போடுங்க. இந்த பிரெலூட்ல அடிநாதமா வர்ற கீழ் ஸ, அதாவது கீழ் ஜி சுரம், சுமார் 98 ஹெர்ட்ஸ், போன் ஸ்பீக்கர்ல பாதி காணாம போயிடும். கடலூர் பாண்டி பஸ்ல கேட்டா இன்ஜின் சத்தம் மீதியையும் முழுங்கிடும், அத வச்சு எதையும் முடிவு பண்ணாதீங்க.

வேகம்னா நிமிஷத்துக்கு எத்தனை பீட்ங்கிறது. செல்லோவுக்கு பாக் எழுதினது மொத்தம் ஆறு சூட், அவர் கைப்பட எழுதின பிரதி ஒண்ணுக்கும் கிடைக்கல, நமக்கு இருக்கிறதுல முக்கியமானது அவர் மனைவி அன்னா மக்தலேனா எடுத்த நகல். அதுல வேகத்துக்கு நம்பர் எதுவும் கிடையாது, எப்படி இருக்கும், அவர் இறந்தது 1750, டக் டக்குனு தட்டி வேகம் காட்டுற மெட்ரோனோம் கருவிக்கு பேட்டன்ட் வாங்கினது 1815. அதனால "சரியான வேகம்"னு நெட்ல தேடாதீங்க, உங்க கைல இருக்கிற ரெக்கார்டிங்க அளங்க. ஆப் ஏமாறுற காரணம் என்னன்னா அது டிரம் மாதிரி டக்குனு விழற அடியத்தான் தேடும், இங்க வில்லு இழுக்குற சத்தம் தான், ஒரு பீட்டுக்குள்ள நாலு சுரம் ஓடுது, அது ரெண்டு சுரத்துக்கு ஒண்ணுன்னு எண்ணி டபுளா காட்டிடும்.

இப்ப ஆரம்பத்த பாடி பாருங்க: கீழ் ஸ, ப, அப்புறம் மேல க ரி க, திரும்ப ப க ப. இந்த எட்டு சுரம் ரெண்டு பீட். நாலு பார் (ஒரு பார்னா நாலு பீட்) வரைக்கும் மேல சுரம் மாறுமே தவிர கீழ் ஸ தம்புரா மாதிரி அப்படியே நிக்கும், மொத்தம் எட்டு தடவை வரும். முதல் ஸவ நிறைய பேர் கொஞ்சம் இழுத்து புடிப்பாங்க, அத விட்டுடுங்க, ரெண்டாவது ஸ விழும்போது ஸ்டாப்வாட்ச் அமுக்கி எட்டாவதுல நிறுத்துங்க. அதுல 12 பீட் இருக்கு. 10 செகண்ட் வந்தா வேகம் 72, 12 செகண்ட் வந்தா 60. சந்தேகம்னா இன்னொரு வழி, மொத்தம் 42 பார், 168 பீட், அத டிராக்கோட நிமிஷத்தால வகுங்க. தம்பி கொண்டு வந்தது 12 செகண்ட், டிராக் 2 நிமிஷம் 55, வகுத்தா 57 சொச்சம், கடைசில வாசிக்கிறவர் வேகத்த தளர்த்துறார்ல அதான் குறையுது. சுமார் 60ன்னு எழுதிக்கிட்டோம்.

சுருதிக்கு சுருதிப்பெட்டி ஆப் போதும். ஜி மேஜர்னா 5 கட்டை. வச்சு பாத்தா கரகரன்னு இடிக்குதா, 4½க்கு இறக்குங்க. பரோக் முறைல, அதாவது பாக் காலத்து பாணில, வாசிக்கிறவங்க நிறைய பேர் ஏ சுரத்த 440 ஹெர்ட்ஸுக்கு பதிலா 415ல வைப்பாங்க, அது அரை சுரம் கீழ, அதனால எழுதினது ஜி, காதுல விழறது எஃப் ஷார்ப். கடைசி கார்டு (சேர்ந்து ஒலிக்கிற சுரங்கள்) நீண்டு நிக்கும்போது சுருதிய மெல்ல நகத்துங்க, வ்வோ வ்வோன்னு ஒரு அலை அடிக்கும், கிட்ட போகப் போக அலை மெதுவாகி அப்படியே அடங்கிடும், அடங்கின இடம்தான் ஸ. இந்த செக்க நடுவுல பண்ணாதீங்க. சங்கராபரணம் மாதிரி போய்க்கிட்டு இருக்கும்போதே பிரதி மத்யமம் (அரை சுரம் ஏறின ம) எட்டி பாக்கும், கல்யாணி சாயல் வரும், சுருதி மாறிடுச்சோன்னு தோணும், அது பஞ்சமத்த கொஞ்ச நேரம் வீடாக்கிக்கிறது, திரும்பி வந்துடும். ரெண்டாவது சூட் டி மைனர், 2 கட்டை, அத ஒரே ராகத்துல அடைக்க பாக்காதீங்க, நிஷாதம் மாறிக்கிட்டே இருக்கும், நடபைரவியும் கீரவாணியும் கலந்து வரும். அஞ்சாவது சூட்ல ஏ தந்தியையே ஜிக்கு இறக்கி வைக்க சொல்லி இருக்கு, அதனால கருவியோட ஒலியே மங்கலா இருண்டு கேக்கும்.

மூட் எழுதுறப்ப தான் எல்லாரும் அவசரப்படறாங்க. மேஜர்னா சந்தோஷம் மைனர்னா சோகம்னு போட்டுட்டு போறத நான் ஒத்துக்க மாட்டேன். அஞ்சாவது சூட்ல சாரபாந்துங்கிற மெதுவான நடனப் பகுதிய கேளுங்க, கார்டே கிடையாது, ஒத்த ஒத்த சுரமா போகுது, சாரபாந்துன்னாலே மூணு எண்ணிக்கைல ரெண்டாவதுல கனம் இருக்கும், அந்த ரெண்டாவதுல வாசிக்கிறவர் எவ்ளோ நேரம் தங்குறார்ங்கிறதுல தான் அது அழுகையா, அமைதியா, வெறும் களைப்பான்னு தெரியும். அதனால கண்ண மூடி ரெண்டு கேள்வி கேட்டுக்கங்க: வில்லு எங்க மூச்சு வாங்குது, அந்த இடைவெளில அடுத்த சுரத்துக்கு ஏங்குறோமா இல்ல நிம்மதியா இருக்கோமா. பிரெலூட்ல முடிய போறப்ப ஒரு தந்திய விடாம புடிச்சுக்கிட்டு மேல அரை சுரம் அரை சுரமா ஏறும், அங்க அவர் வேகத்த கூட்டினா பரபரப்பு, அதே வேகத்துல ஏறினா பெருமிதம்.

தம்பியோட ரெக்கார்டிங்ல கூட்டவே இல்ல. ஃபைல் பேரு பக்கத்துல "60, ஜி மேஜர், காதுக்கு 4½ கட்டை, நிதானம், கடைசில நிமிர்ந்து நிக்குது"ன்னு எழுதினோம். அப்புறம் ஷாட்ட ஓட்டி பாத்தோம், வலை பின்றவரோட கை ஒரு முடிச்ச இறுக்கி இழுக்குற இடத்துல கீழ் ஸ விழற மாதிரி நாலு ஃபிரேம் முன்னாடி தள்ளினான், உக்காந்துடுச்சு.