வெள்ளத்துக்கு ராணுவத்தை அழைப்பது எப்படி? ஊர் மிரளாமல் வேலை நடத்துவது எப்படி?

வெள்ளம் சூழ்ந்த ஊருக்குள் ராணுவ லாரி நுழைந்தால் "இனி பயமில்லை" என்பார்கள். பக்கத்துத் தெருவிலேயே "ஊரடங்கு போடப் போறாங்களாமே, வீட்டைக் காலி பண்ணச் சொல்லுவாங்களாமே" என்றும் பேசுவார்கள். இரண்டாவது பேச்சை வதந்தி என்று தள்ளிவிடாதீர்கள். மணிப்பூரிலும் காஷ்மீரிலும் ராணுவத்துக்கு இருந்த அதிகாரங்களைப் பற்றிப் படித்தவர்கள் கேட்கும் நியாயமான கேள்வி அது. படை எதற்காக வந்தது, யார் அழைத்து வந்தது, என்றைக்குப் போகும் என்று மாவட்ட நிர்வாகம் எழுத்தில் சொல்லிவிட்டால் பாதி அச்சம் அங்கேயே அடங்கிவிடும். வருவாய்த் துறையினர், உள்ளாட்சிப் பிரதிநிதிகள், தன்னார்வலர்கள் ஆகியோருக்காக இந்தக் குறிப்புகள்.

முதலில் யார்?

ராணுவம் கடைசியாக வர வேண்டும், முதலாவதாகத் திரும்ப வேண்டும். தீயணைப்புத் துறை, மாநிலப் பேரிடர் மீட்புப் படை, அரக்கோணத்தில் இருக்கும் தேசியப் பேரிடர் மீட்புப் படையின் 4ஆவது பட்டாலியன், மீனவர் படகுகள் ஆகிய எல்லாவற்றையும் கணக்கில் எடுத்த பிறகும் எது போதவில்லை என்று பாருங்கள். 2018 கேரள வெள்ளத்தில் சந்துகளுக்குள் புகுந்து ஆட்களை மீட்டதில் மீனவர்களின் பங்கு மிகப் பெரியது. படகு மட்டும்தான் குறை என்றால் மீன்வளத் துறைக்குச் சொல்வதே வேகமான வழி.

ராணுவத்திடம் மட்டுமே இருப்பவை வேறு. 2024இல் வயநாடு நிலச்சரிவில் பாலம் அடித்துச் செல்லப்பட்டபோது, மெட்ராஸ் பொறியாளர் படைப்பிரிவு சூரல்மலையில் 190 அடி நீள பெய்லி பாலம் (ஆயத்த இரும்புப் பாகங்களைப் பூட்டி அமைக்கும் பாலம்) கட்டியது. 2023 டிசம்பரில் ஸ்ரீவைகுண்டத்தில் ரயிலோடு சிக்கிய பயணிகளுக்கு ஹெலிகாப்டரில் உணவு போனது. இந்த மாதிரி வேலைக்குத்தான் அவர்களைக் கேட்க வேண்டும்.

கோரிக்கைக் கடிதம்

முறைப்படி மாநில அரசு வழியாகப் பாதுகாப்பு அமைச்சகத்துக்குக் கோரிக்கை போக வேண்டும். உயிர் போகும் அவசரம் என்றால், மாவட்ட ஆட்சியர் நேரடியாக அருகிலுள்ள படைத்தளத் தளபதிக்கு எழுதலாம். தளபதி உதவியைத் தொடங்கிவிட்டு மேலிடத்துக்குத் தெரிவிப்பார். தொலைபேசியில் முதலில் பேசினாலும், கையெழுத்திட்ட கடிதம் உடனே பின்னால் போயாக வேண்டும்.

ஆள் கணக்குக் கேட்பது அடிக்கடி நடக்கும் தவறு. "200 வீரர்கள் தேவை" என்று எழுதினால் படகில்லாத 200 பேர் வந்து நிற்பார்கள். வேலையைச் சொல்லுங்கள், ஆளையும் கருவியையும் அவர்கள் முடிவு செய்வார்கள். கடிதம் இப்படி இருக்கலாம்:

"இந்த ஊராட்சியின் மூன்று தெருக்களில் ஏறத்தாழ 400 பேர் மாடிகளில் சிக்கியுள்ளனர். நீர் ஆழம் 6 அடி, இழுப்பு அதிகம். இறங்குதளம்: அரசு மேல்நிலைப் பள்ளி வாசல். பணி: மீட்பு மட்டும். காலம்: 48 மணி நேரம், தேவைப்பட்டால் எழுத்தில் நீட்டிக்கப்படும். தொடர்பு அலுவலர்: வட்டாட்சியர், கைபேசி எண்."

"மீட்பு மட்டும்" என்ற இரண்டு சொற்களை விட்டுவிடாதீர்கள். பின்னால் வரும் முக்கால்வாசிக் குழப்பத்தை அவை தடுக்கும்.

வருவதற்குள் செய்ய வேண்டியவை

கழிப்பறையும் ஜெனரேட்டரும் உள்ள பள்ளியோ கல்யாண மண்டபமோ தங்குவதற்கு வேண்டும். லாரி திரும்ப இடம், மோட்டார் படகுக்குப் பெட்ரோல், ஒவ்வொரு படகிலும் தெரு தெரிந்த உள்ளூர் ஆள் ஒருவர். கர்ப்பிணிகள், டயாலிசிஸ் நோயாளிகள், படுத்த படுக்கையானவர்கள் ஆகியோரின் பட்டியலை விஏஓ வீட்டு எண்ணோடு கையில் வைத்திருக்க வேண்டும். வழிகாட்டி இல்லாவிட்டால், நீருக்குள் மறைந்த மதில் சுவரிலும் கம்பி வேலியிலும் ரப்பர் படகு கிழியும்.

ஹெலிகாப்டர் இறங்கும் மைதானத்தைச் சுற்றி மின்கம்பி, மரம், கொடிக்கம்பம் இருக்கக் கூடாது. தகரத் தகடுகளையும் தார்ப்பாய்களையும் அகற்றிவிடுங்கள். விசிறிக் காற்றில் தகரம் பறந்தால் ஆளையே வெட்டும். காற்றின் திசை தெரிய ஒரு கம்பில் துணி கட்டுங்கள், கூட்டத்தைக் கயிறு கட்டித் தள்ளி நிறுத்துங்கள். மைதானத்தின் ஆயத்தொலைவுகளை (அட்சரேகை, தீர்க்கரேகை எண்களை) எழுதும்போது தசம வடிவமா, பாகை நிமிட வடிவமா என்று குறிப்பிடுங்கள். இதில் குழம்பினால் ஹெலிகாப்டர் வேறு ஊருக்குப் போய்விடும்.

அச்சத்துக்குப் பதில்

சட்டம் தெளிவாகவே இருக்கிறது, அதை மக்களிடம் சொல்லத்தான் ஆளில்லை. வெள்ள நிவாரணத்துக்கு வந்த வீரருக்கு வீட்டைச் சோதனையிடவோ ஊரடங்கு போடவோ தனி அதிகாரம் கிடையாது. வீட்டைக் காலி செய்யச் சொல்வது வருவாய்த் துறையின் வேலை, கூட்டத்தை ஒழுங்குபடுத்துவது போலீஸின் வேலை. படை தன் அதிகாரியின் கட்டளையில் இயங்கும், என்ன வேலை என்பதை ஆட்சியர் சொல்வார்.

கலவரத்தை அடக்கப் படையைப் பயன்படுத்துவது முற்றிலும் வேறு நடைமுறை. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 149ஆவது பிரிவின்படி நீதித்துறை நடுவர் அல்ல, மாவட்ட நிர்வாக நடுவரான ஆட்சியரோ அவர் அதிகாரமளித்த நிர்வாக நடுவரோ நேரில் இருந்து கேட்க வேண்டும். அப்போதும் உயிருக்கும் உடைமைக்கும் இயன்றவரை குறைந்த சேதமே விளைய வேண்டும் என்று அதே பிரிவு சொல்கிறது. நடுவரைத் தொடர்புகொள்ளவே முடியாத நேரத்தில் 150ஆவது பிரிவின் கீழ் படை அதிகாரி தானாக இறங்கலாம். தொடர்பு கிடைத்ததும் நடுவர் சொல்படி நடக்க வேண்டும். 1958ஆம் ஆண்டின் ஆயுதப்படை சிறப்பு அதிகாரச் சட்டமோ, 'கலவரப் பகுதி' என்று அறிவித்த இடத்தில் மட்டுமே செல்லும். வெள்ளம் வந்ததால் அது எந்த ஊருக்கும் தானாக வந்துவிடாது.

இதை எல்லாம் நான்கு வரியில் சுருக்கி, படை வந்து சேருமுன் ஆட்டோ ஒலிபெருக்கியிலும் ஊராட்சியின் வாட்ஸ்அப் குழுவிலும் சொல்லுங்கள். புகாருக்கு மாவட்டக் கட்டுப்பாட்டு அறையின் 1077 என்ற எண்ணையும் சேருங்கள். சீருடை வித்தியாசத்தையும் சொல்ல வேண்டும்: ஆரஞ்சு உடையில் வருவது தேசியப் பேரிடர் மீட்புப் படை, அது ராணுவம் அல்ல. மீட்புக்கு இறங்குவோர் வழக்கமாக ஆயுதமின்றித்தான் வருவார்கள். ஆனால் முகாம் வாசலில் காவல் நிற்பவர் துப்பாக்கி வைத்திருக்கலாம். முன்கூட்டிச் சொல்லாவிட்டால் அந்த ஒரு துப்பாக்கியின் படம்தான் ஊரெல்லாம் சுற்றும்.

நிவாரணப் பொட்டல வரிசையைக் கட்டுப்படுத்த வீரர்களை நிறுத்தவே நிறுத்தாதீர்கள். பசியில் நிற்கும் கூட்டத்தில் தள்ளுமுள்ளு வரத்தான் செய்யும். மொழி தெரியாத வீரர் ஒருவர் கையை ஓங்கிவிட்டால், அவர்கள் செய்த அத்தனை மீட்பும் மறந்துபோகும். அங்கே உள்ளூர்ப் போலீஸும் ரேஷன் கடை ஊழியர்களும் இருக்கட்டும். ஒவ்வொரு படைக்குழுவோடும் ஒரு வருவாய் அலுவலரும், பெண் போலீஸ் உட்பட இரண்டு போலீஸாரும் போக வேண்டும். பேசுவது அவர்களாக இருக்கட்டும்.

விடுவிப்பு

சொன்ன வேலை முடிந்த அன்றே, எழுத்தில் விடுவிப்புக் கடிதம் கொடுங்கள். "இன்னும் இரண்டு நாள் இருக்கட்டுமே" என்று விட்டால், "ஏன் இன்னும் போகவில்லை?" என்ற கேள்வி வரும். செலவும் ஏறும்: 2006 முதல் நடந்த விமான மீட்புப் பணிகளுக்காகக் கேரளத்திடம் பாதுகாப்பு அமைச்சகம் சுமார் 132 கோடி ரூபாய் கேட்டது 2024இல் செய்தியானது. ஆகவே எந்தக் குழு எத்தனை மணிக்கு எங்கே போனது, எத்தனை பேரை மீட்டது, எவ்வளவு எரிபொருள் வாங்கியது என்பதைத் தொடர்பு அலுவலர் தினமும் பதிவேட்டில் எழுதி, படை அதிகாரியிடமும் கையொப்பம் வாங்க வேண்டும். நாளை புகார் வந்தாலும் கணக்குக் கேட்டாலும் அந்தப் பதிவேடுதான் ஆதாரம்.